ஓரத்தில் ஒரு புள்ளி

அவள் துணிமுடிச்சை நகைக்கடை மேஜைமேல் வைத்தாள். அவிழ்த்தது மாமியார் மரகதம்தான். உள்ளே வைரத்தோடு.

வைரமென்றால் அப்படித்தான். காசு கொடுக்குமுன் வீட்டுக்குக் கொண்டுபோய், போடப்போகிறவளின் தலையணைக்கடியில் மூன்று இரவு வைத்துப் பார்ப்பார்கள். கெட்டது எதுவும் நடந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைக்காரர் ஏன் என்று கேட்கமாட்டார்.

வளைகாப்புக்காக எடுத்த தோடு.

மூன்றாம் நாள் விடியலில் வலி வந்தது. பிள்ளை தங்கவில்லை.

ஆஸ்பத்திரியில், காரணம் எதுவும் தெரியவில்லை என்றார்கள்.

"கல்லுதான் ஆகலை. அதுல ஏதோ குறை இருக்கு," என்று மரகதம் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். மருமகள் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை.

கடைக்காரர் ராமபத்ரன் லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டார். ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார்.

"அப்பழுக்கில்லாத கல்லும்மா."

மரகதம் மெல்லத் திரும்பினாள். மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை வயிற்றில் வந்து நின்றது.

"இன்னொரு தடவ பாருங்க," என்றாள் மருமகள்.

ராமபத்ரன் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மரகதத்தின் முகத்தையும் பார்த்தார். பாவம், அவருக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மறுபடி குனிந்தார். இந்தமுறை வெகுநேரம்.

"இருக்கும்மா. வலது தோட்டுல, ஓரத்துல ஒரு கரும்புள்ளி. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

லென்ஸை மருமகளிடம் நீட்டினார்.

தோடு எடுக்க வந்த அன்று, லென்ஸைப் பிடிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். நிறம் எப்படிப் பார்ப்பது, வெட்டு எப்படிப் பார்ப்பது என்று பொறுமையாகச் சொன்னார். "ஒண்ணுமே தெரியலையே," என்று அவள் சிரித்தாள். "தெரியக் கூடாதும்மா. அதுதான் நல்ல கல்லு," என்று அவரும் சிரித்தார்.

அவள் குனிந்து பார்த்தாள்.

வெளிச்சம். அதற்குள்ளும் வெளிச்சம்.

வேறொன்றுமில்லை.

"தெரியுதா?" என்றாள் மரகதம்.

அவள் லென்ஸை இறக்கவில்லை.

"தெரியுது அத்தை."

முதுகில் ஒரு கை வந்து படிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மரகதம் அவளைத் தொட்டதே இல்லை. கை அங்கேயே இருந்தது. மேலும் கீழுமாகத் தடவிக்கொடுத்தது.

அப்போதுதான் கல் கலங்கலாகத் தெரிந்தது.