சுவரோரச் சொட்டு

"ஒழுகுற காரை யார் தலையிலயும் கட்டமாட்டேன். கியர் ஆயில் பைப்பைச் சரிபண்ணிட்டுத்தான் விப்பேன்" என்றார் கணவர்.

"அந்தக் கிழட்டு ஸ்போர்ட்ஸ் காரை எப்பத்தான் தலைமுழுகப் போறீங்களோ!" என்று நொடித்தாள் மனைவி.

பைப்புகளைப் புதிதாகவே மாற்றிவிட்டார். ஆனாலும் தினமும் காலையில், காருக்கடியில் நீளமாக விரித்த அட்டையில், என்ஜின் பக்கமாகச் சுவரோரத்தில் ஒரு சிவப்பு ஆயில் சொட்டு.

நேற்று காரை ரிவர்ஸில் விட்டுத் திருப்பி நிறுத்தினார். இன்றும் அதே சுவரோரத்தில் சொட்டு.

"இன்னுமா ஒழுகுது? சனியன்!" என்றாள் மனைவி.

"டிக்கியிலேருந்து ஏதும்மா கியர் ஆயில்? நீ சொட்டு விடறதுக்கு முன்னாடி கார் எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு கவனிக்க வேணாமா? விக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"வாங்கின நாள்லேருந்து கரிச்சுக்கொட்டின வாயால எப்படிங்க சொல்றது?"