படத்தில் ஒரு கல்யாணம்

பெய்ரூட்டில் லமீஸின் புதிய ஓவியக் கண்காட்சி. படங்களுக்கு மரச்சட்டம் போடும் ஹிக்மத் அளவெடுப்பதற்காகவே ஒரு மாதம் தினமும் வீட்டுக்கு வந்து போனார். கலையின் மேல் அவ்வளவு பக்தி.

பழுப்புத் திட்டுகளைப் பார்த்த விமர்சகர் தாடியைத் தடவினார். "மனித மனத்தின் பாலைவனம்."

லமீஸும் தலையாட்டி வைத்தாள்.

"பாலைவனமாவது ஒண்ணாவது," என்று முன்னால் வந்தாள் பக்கத்து வீட்டு வஃபா. "காபி குடிச்சுக் கவுத்து வெச்ச கோப்பை இது. அடியில தங்குற மண்டியைப் பார்த்து இத்தனை வருஷமா குறி சொல்றேன், எனக்குத் தெரியாதா?"

லமீஸுக்கு முகம் வெளிறியது. வீட்டில் கழுவப் போட்ட கோப்பைகளைத்தான் அவள் பெரிதாக வரைந்திருந்தாள்.

கூட்டம் விமர்சகரை விட்டுவிட்டு வஃபாவைச் சூழ்ந்துகொண்டது.

"இந்தக் கோப்பைக்காரன் சுத்தச் சோம்பேறி," என்றாள் அவள், முதல் படத்தைக் காட்டி. லமீஸின் கணவன் கஸ்ஸான் அசடு வழிந்தான்.

அடுத்த படத்தில் வஃபா கண்ணைச் சுருக்கினாள். "அட, ரெண்டு பறவை, ஒரு மோதிரம். வீட்டுக்குத் தெரியாம ஒரு காதல் ஓடுது. சீக்கிரமே கல்யாணம்."

லமீஸ் கணவனை முறைத்தாள். "இதுவும் உங்களோடதா?"

"அல்லா மேல ஆணையா இல்ல. நம்ம வீட்ல நான் மட்டுமா காபி குடிக்கிறேன்?"

இருவரும் மெல்லத் திரும்பினார்கள்.

கணவரை இழந்து அவர்களோடு இருந்த லமீஸின் எழுபது வயது மாமியார், ஹிக்மத்தின் பக்கத்தில் முகம் சிவந்து நின்றிருந்தார்.

"அந்தப் படத்தை மட்டும் யாருக்கும் வித்துடாதம்மா," என்றார். "எங்க வீட்ல மாட்டிக்கிறோம்."