நாலு வீட்டுப் பிள்ளை

"நாலு வீட்டுக்கும் ஒரே பிள்ளையா? மாட்டிக்கிட்டா என்ன ஆவும் ஆயா?" என்று கேட்டான் அமிர்தலிங்கம்.

"மாட்டாது லா. நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றாள் ராக்கம்மா. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற ஆயா அவள். தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

ஜப்பான்காரன் புதிதாக ஒரு சலுகை அறிவித்திருந்தான். சியாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற அதே அலுவலகத்திலிருந்துதான் அந்தக் கருணையும் வந்தது. கைக்குழந்தை இருக்கிற வீட்டு ஆண்களைப் பிடிக்க மாட்டார்களாம். தகப்பன் தோட்டத்திலேயே மரவள்ளி நட்டுக்கொண்டு, குடும்பத்தையும் கவனித்துக்கொள்ளலாமாம். காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. போன தை மாதம் லாரி ஏறிய பதினேழு பேரில் ஒருவன்கூட இன்னும் திரும்பவில்லை.

லயத்தில் மிச்சமிருந்த ஆண்கள் நாலு பேர். கைக்குழந்தை ஒன்றே ஒன்று.

சந்திரன், இராஜமாணிக்கம், மைக்கல்ராஜ் மூவரும் ஒத்துக்கொண்டாயிற்று. அமிர்தலிங்கம்தான் இழுத்துக்கொண்டிருந்தான். மனைவி மயிலம்மாளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"சரி ஆயா. நாலு பேரும் பொழைச்சா நல்லதுதானே."

மத்தியானம் ஜப்பான் அதிகாரி வந்தான். கூடவே தோட்டத்துக் கணக்கர் எட்மண்ட் கிராணி, கையில் பெயர்ப் புத்தகத்தோடு. அவருக்கும் எல்லாம் தெரியும். வாசலுக்கு வாசல் பேனாவை உதறி உதறி நேரம் கடத்துவது அவர் பங்கு.

முதல் வீடு சந்திரன் வீடு. அவன் மனைவி இடுப்பில் குழந்தை, கன்னத்தில் கொட்டைப்பாக்கு அளவு மைப் பொட்டு.

"அனாக் சியாப்பா?" யார் பிள்ளை என்று மலாயில் கேட்டான் அதிகாரி.

"என் பிள்ளைதாங்க துரை!" என்றான் சந்திரன், சற்று அதிகமாகவே சத்தம் போட்டு.

"பாகூஸ்!" நல்லது என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான் அதிகாரி.

லயத்து வீடுகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்குத்தான் பலகைத் தடுப்பு. அதற்கு மேலே கூரை வரைக்கும் காலி. உப்புக் கேட்பதும் சண்டை போடுவதும் அந்த வழியாகத்தான். அன்றைக்குப் பிள்ளையும் அந்த வழியாகப் போனது.

இராஜமாணிக்கம் வீட்டில் அதற்குத் தலையில் பூவும் கழுத்தில் பாசிமணியும். அங்கே அது பெண் குழந்தை. அதிகாரிக்கு இன்னும் சந்தோஷம். மைக்கல்ராஜ் வீட்டில் பொட்டும் பூவும் போய், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. அவன் மனைவி சூசையம்மா கையில் பிள்ளை சிணுங்கிக்கொண்டே இருந்தது. அதிகாரி அந்தச் சிலுவையை ஒரு விரலால் ஆட்டி விளையாட்டுக் காட்டிவிட்டுப் போனான்.

நாலாவது வீட்டில் மயிலம்மாள் கைக்கு வந்ததும் பிள்ளை அடங்கிவிட்டது.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் முருகன் படத்தைப் பார்த்தான். அமிர்தலிங்கத்தின் நெற்றியில் திருநீற்றைப் பார்த்தான். பிள்ளையின் கழுத்தைப் பார்த்தான். அவசரத்தில் சூசையம்மா சிலுவையைக் கழற்ற மறந்திருந்தாள்.

அவன் மெதுவாகத்தான் பேசினான். எட்மண்ட் கிராணி அதைத் தமிழில் சொன்னார்.

"அமிர்தலிங்கம், இது உன் பிள்ளைன்னா மைக்கல்ராஜ் பொய் சொன்னவன். மொத வீட்டுலேருந்து எல்லாரையும் திரும்ப விசாரிப்பேங்கிறான். மைக்கல்ராஜ் பிள்ளைன்னா நீ பொய் சொன்னவன். விஷயம் உன்னோட போயிடும்." கொஞ்சம் நிறுத்தி, "நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா" என்றார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மூன்று வீட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அமிர்தலிங்கம் பிள்ளையைப் பார்க்காமல் கிராணியைப் பார்த்துச் சொன்னான்.

"என் பிள்ளை இல்லீங்க. மைக்கல்ராஜ் பிள்ளைதான். சியாமுக்குப் பயந்து இரவல் வாங்கினேன்."

மயிலம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கிராணி அதை மலாயில் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். இந்த முறை அது நடிப்பில்லை.

பளாரென்று ஓர் அறை விழுந்தது. பிள்ளைகுட்டிக்காரர்களுக்கென்று அரசாங்கம் மனமிரங்கிக் கொடுக்கும் சலுகையை இப்படித் திருடலாமா, ஒரு தகப்பனின் கஷ்டம் உனக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி ஒரு பாட்டம் பேசினான். அவனுக்கு உண்மையாகவே மனது நொந்துபோயிருந்தது. பிறகு தானே பிள்ளையை வாங்கிக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குப் போய், மைக்கல்ராஜ் கையில் கொடுத்தான்.

"பிள்ளையைப் பத்திரமா பாத்துக்கணுமாம்" என்றார் கிராணி, மைக்கல்ராஜின் முகத்தைப் பார்க்காமல்.

மைக்கல்ராஜ் வாயைத் திறந்தான். சூசையம்மா அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

மாற்று வேட்டி ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொள்ளத்தான் அமிர்தலிங்கத்துக்கு நேரம் கொடுத்தார்கள். லாரியில் ஏறியவன் நாலு வீட்டையும் வரிசையாக ஒரு முறை பார்த்தான். மூன்றாவது வீட்டில் பிள்ளை பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தது.

லாரி ரந்தாவ் சாலையில் திரும்பி மறைகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, சூசையம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலாவது வீட்டுக்கு ஓடினாள். மயிலம்மாள் பிள்ளையை வாங்கி, அந்தச் சிலுவைக் கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டு, எப்போதோ நனைந்து ஒட்டிப்போயிருந்த ரவிக்கையை விலக்கி, தான் பெற்ற மகனுக்குப் பால் கொடுத்தாள்.