டீச்சரின் அந்தூரியம்

2004 டிசம்பர் 24, வெள்ளிக்கிழமை. விடாத மழை. நாவலடிக் கடற்கரையில் இருந்த பத்தினிப்பிள்ளை டீச்சருக்கு நுவரெலியாப் பூங்கன்றுப் பண்ணை ஒன்றிலிருந்து மூன்று அந்தூரியக் கன்றுகள் பார்சலில் வந்திருந்தன. தபால்காரனான நான் அலுப்பில் போகவில்லை. தொலைபேசியில் சொன்னேன்.

“ஞாயிறு லீவெண்டாலும் காலம கொண்டுவாறன் டீச்சர். வீட்டில நில்லுங்க.”

“கொக்கட்டிச்சோலைக்குத் தங்கச்சியிட்டப் போக இருந்தனான் தம்பி. சரி, போகல்ல. நிக்கிறன்.”

ஞாயிறு காலை நான் படுத்தே கிடந்தேன். ஒன்பது மணிக்குக் கடல் வந்தது. டீச்சரின் வீட்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. டீச்சர் கிடைக்கவில்லை. கன்றுகளை என் முற்றத்தில் நட்டேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த வருடம், அதே பண்ணையிலிருந்து அதே முகவரிக்கு மூன்று கன்றுகள் வந்தன. ‘பெறுநர் காலமானார்’ என்று எழுதித் திருப்பினேன். பார்சல் மறுபடியும் வந்தது. பண்ணைக்காரர் அதன்மேல் தனக்கு வந்த ஒரு கடிதத்தை ஒட்டியிருந்தார். திகதி போன கிழமையுடையது. நான் பத்து வருடம் கொண்டு திரிந்த டீச்சரின் கடிதங்களில் இருந்த அதே கையெழுத்து.

“கன்றுகள் இன்னும் வந்து சேரவில்லை. தபால்காரத் தம்பியில் பிழை இல்லை, மழையாக இருக்கும். அவசரமில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். நான் வீட்டில்தான் நிற்கிறேன்.”