பூச்சாடிக்குப் பின்னால்

திரை கறுப்பாகவே இருந்தது. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி அணைந்தது.

சண்முகசுந்தரி மூன்றாவது முறையாகப் பேனர் கடைக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அதே கறுப்பு. அதே கோடு.

"நாலு மணிக்கு எடுக்கப் போறாவ. இப்பமே ரெண்டேகால். இன்னும் என்னத்தம்மா நோண்டிக்கிட்டு இருக்க?"

பால்வண்ணநாதன் ஸ்டூலில் உட்கார மறுத்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசையை இடித்தபடி நின்றார். இறந்தது அவர் தங்கையின் கணவன் வல்லிநாயகம். நேற்று சாயங்காலம் அரிசி மண்டியில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது, பலகையில் பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டாமல் உடலை எடுத்தால் தெருவே பேசும். கீழே 'துயரத்தில் வாடும்' என்று பால்வண்ணநாதன் படமும் பெரிதாக வர வேண்டும். வெள்ளைச் சட்டை போட்ட படத்தை வந்ததுமே கடை போனுக்கு அனுப்பிவிட்டார்.

செத்தவனுக்குத்தான் முகம் இல்லை.

அவன் போனில் லாக். யாருக்கும் எண் தெரியவில்லை. ஆதார் அட்டையில் இருப்பது ஒரு கறுத்த திட்டு. அடுத்தவர் வீட்டு விசேஷப் படங்களில் அவன் சாம்பார் வாளியோடு திரும்பி நிற்கிறான்.

"போன வருசம் மருமவ சடங்குக்கு இங்கனதான பேனர் அடிச்சோம்? குடும்பமா நின்னு எடுத்த படம், நாந்தான் அனுப்புனேன். அதுல அவன் நிக்கான். இப்ப என் போன்ல இல்ல. உங்க சிஸ்டத்துல இருக்கும்லா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கு அண்ணாச்சி. படம் எங்கயும் போவல. திரைதான் காட்ட மாட்டேங்குது."

"உள்ள இருந்து என்ன செய்ய? கண்ணுல காட்டணும்லா!"

தப்பு அவளுடையதுதான். வைரஸ் தொல்லை தாங்காமல் முதலாளி துல்கர்னைன் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்த சிஸ்டம். புதிய பதிப்பு வந்திருக்கிறது, மாற்றட்டுமா என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் எரிச்சலில் சரி என்று தட்டிவிட்டு, அடித்த பேனர்களுக்குக் கயிறு கட்ட ஓட்டை போடப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது புதிய பதிப்பு ஏறியிருந்தது. திரையில் படம் காட்டும் பழைய கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர் மென்பொருள் அதோடு ஒத்துப்போகவில்லை.

"இந்தச் சவத்தத் தூக்கி வெளிய போடு!"

மேசையில் ஓங்கி அறைந்தார். மவுஸ் விழுந்து வயரில் தொங்கியது. சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதிலேயே விழுந்தது போலும். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கத்துனா வராது. வேற கடைக்குப் போறதுன்னா போங்க."

அவர் போகவில்லை. வெளியே குற்றாலம் ரோட்டில் சீசன் கூட்டம். ஈரத் தலைகளோடு வேன்கள் ஒன்றின் பின் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. ரோட்டைக் கடந்தே போனாலும் எந்தக் கடையில் வல்லிநாயகத்தின் முகம் இருக்கும்?

சண்முகசுந்தரி தன் போனில், இதே கோளாறுக்கு இணையத்தில் யாரோ யாருக்கோ எழுதியிருந்த பதிலைப் பார்த்தாள். மறுபடி அணைத்துப் போட்டாள். சிஸ்டம் தொடங்கும்போதே நிறுத்தி, நீளமான ஒரு வரியின் கடைசியில் ஒற்றைச் சொல்லைச் சேர்த்தாள். அந்த டிரைவரைத் தொடாமல் ஓடு என்று அதற்கு அர்த்தம்.

ஃபேன் இரைந்தது. திரை வெளுத்தது. எழுத்துகள் கட்டை கட்டையாக, வண்ணம் சோகை பிடித்தாற்போல. ஆனால் வந்துவிட்டது.

"அப்படி வா," என்று பால்வண்ணநாதன் குனிந்தார். "தொற, தொற."

அவள் தொங்கிய மவுஸை இழுத்து எடுத்துத் தட்டினாள். சடங்கு பேனர் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு பட்டையாகத் திறந்தது. பட்டுப் பாவாடையில் மருமகள். அவள் வலப்பக்கம் தங்கை. இருவரையும் விட இரண்டு மடங்கு பெரிதாகச் சீர்த்தட்டோடு தாய்மாமன் பால்வண்ணநாதன். அவர் கழுத்துச் சங்கிலி சண்முகசுந்தரி வரைந்தது.

மருமகளின் இடப்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு பூச்சாடி.

வல்லிநாயகம் இல்லை.



போன வருடம் இதே திரையில் விரலை வைத்துத்தான் பால்வண்ணநாதன் சொன்னார்: 'சீரு செஞ்சது நான். ஊரு பூரா வந்து பாக்கும். மூட்ட தூக்குத பயலுக்கு இங்கன என்ன வேல? அவன எடுத்துரு.'

சண்முகசுந்தரியின் அப்பாவும் மண்டியில் மூட்டை தூக்கியவர். அன்றைக்கு அவள் சரி அண்ணாச்சி என்றாள்.

இப்போது திரையின் ஓரத்தில், பேனரின் அடுக்குகள் ஒவ்வொன்றும் பெயரோடு இருந்த பட்டியலுக்கு அம்புக்குறியைக் கொண்டுபோனாள். பூச்சாடி என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம். அதைத் தட்டினாள். பூச்சாடி மறைந்தது. அதற்கு அடுத்த வரியில் கண் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அதையும் தட்டினாள்.

வல்லிநாயகம் வந்து நின்றான். ஒரு தோள் இறங்கி, கழுத்து லேசாகச் சாய்ந்து, மகளின் தோளில் கை போட்டுப் பல் தெரியச் சிரித்தபடி.

"எடுக்கத்தான் சொன்னீங்க. நான் மறைச்சு மட்டும் வச்சேன்."

பால்வண்ணநாதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வல்லிநாயகத்தின் முகத்தைச் சுற்றி வெட்டத் தொடங்கினாள். பாதி வெட்டியதும், திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணாச்சி, உங்க படத்த எங்கன போடட்டும்?"

அவர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.