சம்பந்தி வீட்டுச் சுவர்

பேரனுக்கு யார் வீட்டுப் பெயரை வைப்பது என்ற பேச்சில் உறவு முறிந்துபோன பிறகு, சம்பந்தி தானாக அழைக்காமல் அவர் வீட்டு வாசல்படியை மிதிப்பதில்லை என்று சபையில் சொல்லியிருந்தார் வைரவசுந்தரம். சர்க்கரைக்காக டாக்டர் ஓடச் சொன்னபோது, ஊரில் எத்தனையோ தெருக்கள் இருக்க, மகள் வாழ்க்கைப்பட்ட தெருவில்தான் ஓடினார். ஓடத் தொடங்கிய வாரமே, சரியாக அந்த வீட்டின் முன்னால் கெண்டைக்கால் கல்லாக இறுகியது. தான் நொண்டிப் போவதைத் தெரு பார்க்கக் கூடாது. சுற்றுச்சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலித்த காலைப் பின்னால் நீட்டி நின்றார்.

கதவைத் திறந்துகொண்டு சம்பந்தி தணிகாசலம் வந்தார்.

"என்ன, சுவரைத் தள்ளிச் சாய்ச்சிட்டுத்தான் போவீங்களா?"

"கெண்டை பிடிச்சிருக்கு. விட்டதும் போயிடுவேன்."

"குதிகால் தரையில படலையே. இப்படி நின்னா எப்படி விடும்?"

சொன்னவர் குனிந்து, இரண்டு கைகளாலும் அந்தக் குதிகாலைப் பிடித்துத் தரையோடு அழுத்தினார். பால்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

"ஐயோ, காலை விடுங்க சம்பந்தி."

பிடி தளரவில்லை.

"பேரன் முழிச்சிட்டான்" என்றார் தணிகாசலம், தலை நிமிராமல்.

அது அழைப்புத்தானா என்று வைரவசுந்தரம் யோசித்தார். கெண்டை எப்போதோ இளகியிருந்தது. அவர் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.