வினிகர் ஊற்றிய வாளி

"கல்லுக்கு உயிர் இருக்குன்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான் சார்" என்றாள் படகுக்காரி.

படகுத் தளத்தில் நின்ற அவள் ஆட்கள் மூன்று பேரும் சிரித்தார்கள். கடல்வள ஆபீசர் சிரிக்கவில்லை.

படகின் வயிறு நிறையக் கற்கள். காலையில் கடலடியிலிருந்து வாரியவை. உருளைக்கிழங்குப் பருமன், மேலெல்லாம் முண்டும் முடிச்சும். அரைத்துத் தூவினால் புளிப்பேறிய வயல் மண் திருந்தும் என்று அரவை மில் வாங்குகிறது. கரையில் மில்லின் லாரி பின்கதவைத் திறந்து போட்டபடி நின்றது.

"கல் இல்லம்மா, பாசி. சிவப்புப் பாசி. உடம்பைச் சுத்திச் சுண்ணாம்பால சுவர் எழுப்பிக்கும். ஒரு வருஷத்துல நகத்தோட தடிமன்கூட வளராது. உங்க கையில இருக்கறது உங்களைவிட வயசுல பெரிசு."

"அப்பக் கும்பிட்டுட்டே இறக்கறேன்."

செத்து வெளுத்ததை அள்ளலாம், உயிருள்ளதை அள்ளக் கூடாது. சட்டம் அவ்வளவுதான். இவள் அள்ளியதோ சேறு அப்பிக் கிடந்தது. கழுவினால் மங்கலாக ஓர் இளஞ்சிவப்பு. ஒட்டிக்கொண்ட சாயம் என்றாள் இவள். உயிர் என்றார் அவர்.

லாரி வெறுமனே திரும்பினால் மில் வேறு படகைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் இந்தப் படகை நம்பி எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்க முடியாது.

ஆபீசர் கொஞ்சம் கற்களைக் கழுவி, ஒரு வாளிக் கடல்நீரில் போட்டு, வெயிலில் வைத்தார். உயிர் இருந்தால் இலையைப் போல வெயிலைத் தின்று காற்றை விடும், குமிழி வரும் என்றார்.

"வரட்டும். வந்தா ஒரு கல் விடாம எடுத்த இடத்துலயே கொட்டறேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். துறைமுகத்தில் எவனும் அதில் குறை சொல்ல முடியாது.

கல்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் கடலை நம்புகிற அளவுக்கு ஒரு வாளியை நம்ப முடியுமா? ஆட்களில் ஒருவனான தன் தம்பியை ஓரமாக இழுத்தாள்.

"அடுப்படியில வினிகர் இருக்கு. வாளியில ஊத்திடு."

வினிகர் பட்டால் செத்த சுண்ணாம்பும் நுரைக்கும். உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நுரைக்கிற வாளியை வைத்துக்கொண்டு யார் எதை நிரூபிப்பது?

ஆபீசரைச் சரக்கறைக்குள் இறக்கி, வேண்டாத மூலையையெல்லாம் காட்டினாள். ஏறி வந்தபோது தம்பி வாளிப் பக்கத்தில் நின்று, வயிற்றை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினான்.

ஆச்சு.

கொஞ்ச நேரத்தில் கற்களின் மேல் குண்டூசித் தலைகள் முளைத்தன. ஒன்று கழன்று மேலே வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"பாருங்க! மூச்சு விடுது."

"மூச்சா? வினிகர் சார் அது. நாங்கதான் ஊத்தினோம். நீங்க உங்க சோதனையைப் பண்ணினீங்க, நாங்க எங்க சோதனையைப் பண்ணினோம். சுண்ணாம்பு பொங்காம என்ன செய்யும்?"

ஆபீசரின் முகம் தொங்கிப்போனது. வாளியைக் குனிந்து முகர்ந்தார்; டீசல் நாற்றத்தில் அவர் மூக்கு எப்போதோ வேலையை விட்டிருந்தது. புதிதாக ஒரு வாளி வைக்கலாமென்றால் கரையிலிருந்த கிடங்கின் நிழல் தளத்தில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. வெறும் சந்தேகத்துக்குச் சரக்கைப் பிடிக்க அவருக்கு அதிகாரமும் இல்லை.

"இறக்கிக்குங்க" என்றார். பலகை வழியே இறங்கிப் போனவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் பாரந்தூக்கிக்காரனுக்குக் கை காட்டப் போனாள். தம்பி வந்து பக்கத்தில் நின்றான். சட்டையைத் தூக்கினான்.

இடுப்பில் வினிகர் பாட்டில். கழுத்துவரை அப்படியே இருந்தது.

"மூடி திறக்கவே மாட்டேங்குதுக்கா. பல்லால கடிச்சும் பாத்துட்டேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் மேல வந்துட்டீங்க. உள்ள ஒளிச்சு வச்சிருக்கேன்னுதானே தட்டிக் காட்டினேன்? நீ பாட்டுக்கு ஊத்தியாச்சுன்னு சொல்லிட்ட."

அவள் வாளியைப் பார்த்தாள். அதன் மேலும் நிழல் விழுந்திருந்தது. குமிழி நின்றுபோயிருந்தது.

காலால் வாளியைத் தள்ளித் தள்ளி, படகின் முனையில் மிச்சமிருந்த ஒரு துண்டு வெயிலில் நிறுத்தினாள். குந்தி உட்கார்ந்தாள்.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான்.

ஒரு குண்டூசித் தலை கழன்று மேலே வந்தது.

"கயித்தை அவுத்து விடு" என்று சொல்லி எழுந்து சுக்கானை நோக்கி நடந்தாள்.

"லாரிக்காரன் கேட்டா என்னக்கா சொல்றது?"

"சரக்கு இன்னும் சாகலன்னு சொல்லு."